பூரி தின்ற விவரம்

ஜூன் 2, திங்கள்

முப்பத்தொரு வருசம் உணவு ஆய்வாளரா வேலை பார்த்தவன் நான். எண்ணெயில கலப்படம், பருப்புல சாயம், பால்ல தண்ணின்னு இந்தத் திருநெல்வேலி ஜில்லாவுல நான் ஏறி இறங்காத கடை கிடையாது. இன்னைக்கு உக்காந்து, ஒரு நாய் என்ன தின்னுச்சு, எத்தனை தடவை வெளிக்குப் போச்சுன்னு நோட்டுப் போட்டு எழுதுதேன். என் தலையெழுத்து.

நாய் என்னோடது இல்ல. மக கோமுவோடது. தெருவுல கெடந்த குட்டியைத் தூக்கிட்டு வந்து மூணு வருசம் வளர்த்தா. போன மாசம் ஓசூர்ல வேலை கெடச்சுது. ஹாஸ்டல்ல நாயைச் சேக்க மாட்டானாம். "அப்பா, நீங்கதான் பாத்துக்கிடணும்"னு கண்ணைக் கசக்கிட்டு பஸ் ஏறிட்டா. அதுக்குப் பேரு பூரியாம். தின்னுத பண்டத்தோட பேரையா நாய்க்கு வைப்பாக? நான் அப்படிக் கூப்பிடுறதில்ல. 'ஏய்'னா வரும்.

அவ போனதுல இருந்து அது சரியாத் தின்னல. முதுகுல முடி கொட்டி, விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிப்போச்சு. என் வீட்டுக்காரி வடிவு, "கோமு வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவீக?"ன்னு காலையில ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் நிறுத்தல. தொல்லை தாங்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பேரு ஜெபராணி. கோமு வயசுதான் இருக்கும்.

"புரதம் பத்தல சார். வெறும் தயிர்சோறு போட்டா இப்படித்தான் ஆகும்"னாங்க. மேசை மேல நாய்த்தீனி பாக்கெட் ஒண்ணை எடுத்து வச்சாங்க. கண்ணாடியைப் போட்டு லேபிளைப் படிச்சேன். மாமிச உபபொருள்னு இருந்துச்சு. "எந்த மாமிசம்? எந்த உறுப்பு? எத்தனை சதவீதம்?"னு கேட்டேன். பாக்கெட்டைத் தள்ளி வச்சேன்.

"சரி சார். வீட்டுச் சாப்பாடே போடுங்க. ஆனா என்ன போட்டாலும் ஒண்ணு விடாம எழுதி ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாங்க. இதையும் வீட்டுல போய்ப் படிங்க"ன்னு ஒரு தாளைக் குடுத்தாங்க. அடியில அதே பாக்கெட் கம்பெனியோட படம், ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரிக்குது. கம்பெனிக்காரன் அச்சடிச்ச தாள்ல என்ன இருக்கும்? எங்க மூட்டையை வாங்கு, வேற எதையும் போடாதேன்னு இருக்கும். இந்த மாதிரித் தாள் எத்தனை பாத்திருப்பேன். ஆனா தாள் நல்ல கனம், வழுவழுன்னு இருக்கு. எழுத்து உள்பக்கமாப் போற மாதிரி மடிச்சு இந்த நோட்டுக்கு அட்டை போட்டுட்டேன்.

எடை: பதினாலு கிலோ.

ஜூன் 3, செவ்வாய்

காலை: முட்டை ஒண்ணு, சோறு. மத்தியானம்: ஆட்டு ஈரல் வேக வச்சது, கேரட். ராத்திரி: கேப்பைக் கூழ். வெளிக்கு ஒரு தடவை.

ஈரலை நான்தான் வேக வச்சேன். வடிவு அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்திருப்பீகளா?" இந்தக் கேள்விக்கும் நாய்த்தீனிக்கும் என்ன சம்பந்தம்?

ஜூன் 4, புதன்

யோசிச்சுப் பாத்தேன். என்னைப் பெத்த அய்யா தொண்ணூறு வயசு இருந்தாரு. என்ன சாப்பிட்டாரு? பழைய சோறு, மோர், கூட நாலு சின்ன வெங்காயம். ஒரு பாக்கெட்டும் கிடையாது. அந்தச் சத்து எவன் தீனியில இருக்கு?

காலை: பழைய சோறு, மோர், முட்டை, சின்ன வெங்காயம் நாலு நசுக்கிப் போட்டுப் பிசைஞ்சது. தட்டைத் தள்ளித் தள்ளி வாசல் வரைக்கும் கொண்டு போய் நக்குச்சு. கோமு போனபிறகு இப்பத்தான் தட்டைக் காலி பண்ணுது.

தினமும் சின்ன வெங்காயம், சின்ன வெங்காயம்னு நீட்டி எழுத முடியாது. இனி சி.வெ.ன்னு போடுதேன். ஆபீஸ்ல நாங்க எல்லாத்தையும் சுருக்கித்தான் எழுதுவோம்.

ஜூன் 6, வெள்ளி

காலை: ப.சோறு, மோர், முட்டை, சி.வெ. 4. மத்தியானம்: ஈரல், பூசணி.

இன்னைக்கு ஒரு விசயம் கையும் களவுமா மாட்டுச்சு. பின்பக்கச் சுவரோரம் அது எதையோ மெல்லுது. பிடுங்கிப் பாத்தா கோழித்துண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் தவசிலிங்கம் வீடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பரோட்டாக் கடை வச்சிருக்கான். பதினாலு வருசத்துக்கு முன்னால அவன் கடை மிளகாப்பொடியில சாயம் இருக்குன்னு சோதனைக்கு மாதிரி எடுத்து, ஒரு வாரம் கடையைப் பூட்ட வச்சவன் நான். அதுல இருந்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான். போனவருசம் பாத்து, பாத்து, என் வீட்டுக்குப் பின்னாலேயே வீட்டைக் கட்டிக்கிட்டு வந்துட்டான். ஆள் உசரத்துக்கு ஒரு ராஜபாளையம் நாய் வேற வளர்க்கான். அதுக்குப் பேரு துரை. திமிரைப் பாருங்க.

கோழித்துண்டை மோந்து பாத்தேன். மசாலா இல்ல, உப்பு இல்ல, வெறுந்தண்ணியில வெந்தது. பரோட்டாக் கடைக்காரன் மசாலா இல்லாமக் கோழி வேக வைப்பானா? ஏதோ உள்நோக்கம் இருக்கு. கழுவின ஊறுகாய் பாட்டில்ல போட்டு, நூலைச் சுத்தி, அரக்கு வச்சு சீல் பண்ணி, தேதி எழுதி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டேன். மாதிரி எண் 1.

வடிவு பாட்டிலைப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா.

ஜூன் 9, திங்கள்

ப.சோறு, மோர், முட்டை, சி.வெ. 5. ஈரல். கேப்பை. வெளிக்கு ரெண்டு தடவை, கெட்டி, நல்ல நிறம்.

ஜூன் 11, புதன்

அதே சாப்பாடு. சி.வெ. 5.

கோமு போன் பண்ணினா. "அப்பா, பூரிகிட்ட குடுங்க"ங்கா. நாய்கிட்ட போனைக் குடுக்க நான் என்ன பைத்தியமா? ஸ்பீக்கரைப் போட்டு அது காதுகிட்ட பிடிச்சேன், அவ்வளவுதான். பன்னெண்டு நிமிசம் பேசினா. என் கை மரத்துப் போச்சு. வச்ச பிறகும் அது போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம் வாய்க்கால் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். எனக்கும் நடக்கணும்லா, சுகர் இருக்கு.

ஜூன் 14, சனி

எடை: பதினாலு கிலோ அறுநூறு! முதுகுல புது முடி முளைச்சிருக்கு. விரலை வச்சுத் தடவினா தெரியுது.

அந்த டாக்டர் பொண்ணு முகத்தைப் பாக்கணும். "என்ன சார் போட்டீங்க?"ன்னு கேக்கும். நோட்டை அப்படியே மேசையில வைப்பேன். பாக்கெட் கம்பெனிக்காரன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான்.

சி.வெ. 6. நாளுக்கு நாள் விரும்பித் திங்குது.

ஜூன் 17, செவ்வாய்

பால்காரர் வந்தா கேட்டு மேல காலைப் போட்டு ஏறும். இன்னைக்குப் படுத்த எடத்துல இருந்து பாத்துச்சு, எந்திரிக்கல. இந்த வெயிலுக்கு யாரு எந்திரிப்பா? சூடு பிடிச்சிருக்கு. சூட்டுக்குச் சின்ன வெங்காயத்தை விட மருந்து உண்டா? காலையில 8, ராத்திரி மோர்ல 4.

ஜூன் 18, புதன்

வாய்க்காலுக்கு வரல. தெருமுக்குல உக்காந்துடுச்சு. தூக்கிக்கிட்டு வந்தேன். தெருவே பாத்துச்சு. தவசிலிங்கம் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு நின்னான். அவனும் பாத்தான்.

மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போகுது. நல்ல சூடு, வேற ஒண்ணும் இல்ல. வடிவு "டாக்டருக்கு ஒரு போன் போடுங்களேன்"னா. "உடம்புச் சூட்டுக்கெல்லாம் டாக்டரா?"ன்னு கத்திட்டேன். அவளும் பதிலுக்குக் கத்தினா. "ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. நெனப்புதான் பொழப்பைக் கெடுக்கு!" ராத்திரிச் சாப்பாட்டை ஆளுக்கொரு மூலையில சாப்பிட்டோம்.

சி.வெ. காலை 10, மாலை 6. மாலையில முழுசாத் தின்னல. வாயைத் திறந்து ஊட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

நடந்ததை வரிசையா எழுதுதேன்.

காலையில தட்டை வச்சேன். முகத்தைத் திருப்பிடுச்சு. ஊட்டினேன், சி.வெ. 6, பாதி வெளிய வந்துச்சு. எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சு மடங்கி விழுந்துச்சு. வாயைத் தூக்கிப் பாத்தா ஈறு வெள்ளைவெளேர்னு இருக்கு. மூச்சு பட்டறைத் துருத்தி மாதிரி வாங்குது. பின்னால போய்ப் பாத்தேன். சுவரோரம் இன்னொரு கோழித்துண்டு. அதே மாதிரி, உப்பு இல்லாம.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செருப்புக்கூட மாட்டல. அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு, "வெளிய வாடே, கொலைகாரப்பயலே!"ன்னு கூப்பிட்டேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்துட்டு.

தவசிலிங்கம் பனியனோட வந்தான். "என்ன வே, வாய் ரொம்ப நீளுது?"

"என் மேல உள்ள ஆத்திரத்துக்கு வாயில்லா ஜீவனுக்கு விஷம் வச்சுட்டீரே, நீரு மனுசனா?"

"விஷமா? துரைக்குக் கோழி வேக வைக்கும்போது ஒரு துண்டு எடுத்து அதுக்கும் போடுவேன். சுவர் மேல மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கும், பாவமா இருக்கும். அது விஷமா வே?"

"அதை லேப்ல சொல்லட்டும்."

"லேபா?" அவன் சிரிச்சான், ஆனா மூஞ்சி சிரிக்கல. "நீரு எடுத்த மிளகாப்பொடிக்கு லேப்ல ரிசல்ட்டு என்ன வந்துச்சு? அதைச் சொல்லும், இந்தத் தெருவுக்கு முன்னால."

அது பழைய கதை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

புதுத் துண்டையும் பாட்டில்ல அடைச்சு சீல் வச்சு, மாதிரி 1, மாதிரி 2 ரெண்டையும் மஞ்சப்பையில எடுத்துக்கிட்டு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். எழுதி வாங்க ராத்திரி வரைக்கும் ஆக்கிட்டாங்க. வடிவு அதுக்குள்ள ஏழு தடவை போன் பண்ணிட்டா, "டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம், வாங்க, வாங்க"ன்னு. முதல்ல ஆதாரம் கெட்டுப்போகக் கூடாதுன்னேன். திரும்பி வரும்போது கிளினிக்கைப் பூட்டிட்டாங்க.

ஜூன் 20, வெள்ளி

எழுதணும். எழுதாம விடக்கூடாது.

கிளினிக் திறக்கும் முன்னாலேயே வாசல்ல உக்காந்திருந்தோம். அது வடிவு மடியில. டாக்டர் ஈறைப் பாத்தாங்க, ஊசியில ரத்தம் எடுத்தாங்க, உள்ள போய்ப் பாத்துட்டு வந்து நோட்டைக் கேட்டாங்க. "பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வச்சுட்டான், போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்"னு சொன்னேன். அவங்க காதுல வாங்கல. ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. விரல் ஒரே எடத்துல நின்னு நின்னு வந்துச்சு.

"சார், சி.வெ.ன்னா என்ன?"

"சின்ன வெங்காயம். உடம்புக்குக் குளிர்ச்சி"ன்னேன். நல்லாச் சத்தமாத்தான் சொன்னேன்.

டாக்டர் கடைசிப் பக்கத்துக்குப் போயி, பத்து, ஆறு, ஆறுன்னு வாசிச்சாங்க. பிறகு கேட்டாங்க. "நான் குடுத்த தாள் எங்க சார்?"

நோட்டைக் காட்டினேன். அவங்களுக்குப் புரியல. அட்டையைக் காட்டினேன். மெதுவா மடிப்பைப் பிரிச்சு, தாளைத் திருப்பி என் முன்னால வச்சாங்க. தமிழ்லதான் இருந்துச்சு. நாய்க்குக் கொடுக்கக் கூடாதவைன்னு தலைப்பு. முதல் வரி சாக்லேட். ரெண்டாவது வரி: வெங்காயம், பூண்டு, எந்த வகையானாலும், வேக வைத்தாலும். ரத்த அணுக்கள் உடையும்.

பதினேழு நாளா அந்த வரி மேல கையை வச்சுக்கிட்டுத்தான் நான் எழுதியிருக்கேன்.

"சூடுன்னு நெனச்சு..."ன்னேன். வடிவு என்னைத் திட்டுவான்னு பாத்தேன். அவ நாய் தலையைத் தடவிக்கிட்டே இருந்தா. திட்டியிருக்கலாம்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு சார். இன்னைக்கே வேற நாய் ரத்தம் ஏத்தணும். இல்லாட்டி நான் எதுவும் சொல்ல முடியாது. நல்ல பெரிய நாய், இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல, தடுப்பூசி எல்லாம் போட்டது. உங்க தெருவுல யார்கிட்டயாவது இருக்கா?"

இருக்கு.

அவன் கேட்டுல போய் நின்னேன். நேத்து வந்த அதே வாசல். இன்னைக்குச் செருப்பு போட்டிருந்தேன், அதைக் கழட்டிட்டு நின்னேன், எதுக்குன்னு தெரியல.

"என்ன வே? மூணாவது பாட்டிலா?"ன்னான்.

"நான்தான் வே போட்டது. சின்ன வெங்காயம். பதினாறு நாளு. என் கையால ஊட்டினேன்." அவன் முகத்தைப் பாக்காமலே எல்லாத்தையும் சொன்னேன். அட்டை போட்டதையும் சொன்னேன். "துரை ரத்தம் குடுத்தா பொழைக்கும்னு டாக்டர் சொல்லுதாங்க."

அவன் கேட்டைத் திறக்கல. "மிளகாப்பொடி ரிசல்ட்டு என்ன வந்துச்சு?"

"சுத்தம்னு வந்துச்சு."

"கேக்கல."

"சாயம் இல்ல, சுத்தம்னு வந்துச்சு வே!" எதிர்வீட்டுல கதவு திறந்துச்சு.

"வந்ததும் என்கிட்ட வந்து சொன்னீரா?"

"இல்ல."

"கடையைத் திறந்தா ஆறு மாசம் எவனும் குருமா தொடல வே. அம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேந்தா." உள்ள போனான். கதவைச் சாத்திட்டான்னு நெனச்சுத் திரும்பிட்டேன். சங்கிலிச் சத்தம் கேட்டுச்சு. துரையைப் பிடிச்சுக்கிட்டு, சட்டை மாட்டிக்கிட்டு வந்தான். "உமக்கு இல்ல. அந்தப் பூரிக்கு. ஆட்டோவுல நீரு முன்னால உக்காரும், என் பக்கத்துல உக்காராதேயும்."

ஜூன் 21, சனி

ரத்தம் ஏறியிருக்கு. காலையில கிளினிக்ல போய் நின்னேன். கண்ணை மூடிக் கெடந்துச்சு. "ஏய்"னேன். அசையல. சுத்திப் பாத்தேன், யாரும் இல்ல. "பூரி"ன்னேன். வால் நுனி லேசா ஒரு தட்டு தட்டுச்சு. சுவரைப் பாத்துத் திரும்பி நின்னு அழுதேன். எனக்கு அறுபத்து மூணு வயசு.

கோமுவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். வடிவு சொல்லுதேன்னா, வேண்டாம்னுட்டேன். கேட்டதும் கோமு போனை வச்சுட்டா.

ஸ்டேசனுக்குப் போய் மனுவை வாபஸ் வாங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோமு வந்துட்டா. பஸ்ஸை விட்டு எறங்கி நேரே கிளினிக்குக்குத்தான் போயிருக்கா. வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்துல இருந்து படிச்சா. நான் எதிர் நாற்காலியில குத்தவாளி மாதிரி உக்காந்திருந்தேன். பன்னெண்டு நிமிசம்னு எழுதின எடத்துல நிறுத்தினா. கண்ணைத் துடைச்சுக்கிட்டா. பிறகு மூடி வச்சுட்டு, "இனிமே பூரிக்கு நீங்க சமைக்கக் கூடாது"ன்னா.

சரின்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

பூரி வீட்டுக்கு வந்தாச்சு. எடை: பதிமூணு கிலோ. ஈறு லேசா ரோஸ் நிறம். காலை: பாக்கெட் தீனி ஒரு கப், தண்ணியில ஊற வச்சது. கோமு போட்டா, நான் எழுதுதேன். நேரே இருந்து பாத்தேன், முழுசாத் தின்னுச்சு.

ரத்தம் குடுத்த நாய்க்கு ஒரு வாரம் நல்ல தீனி போடணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. துரைக்குன்னு தனியா ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டுப் பின்வீட்டுக்குப் போனேன். தவசிலிங்கம் பாக்கெட்டை வாங்கல. "அங்கன வையும்"னான். படிக்கட்டுல வச்சேன். உள்ள போய் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலும் கத்தரியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கிட்டு வந்தான்.

பாக்கெட்டை வெட்டினான். ஒரு கைப்பிடி தீனியை பாட்டில்ல போட்டு மூடினான். நூலைச் சுத்தினான். பதினாலு வருசத்துக்கு முன்னால அவன் கடையில வச்சு நான் எப்படிச் சுத்தினேனோ அப்படியே, ரெண்டு சுத்து குறுக்க, ஒரு முடிச்சு மேல. மறக்கவே இல்ல போல. மெழுகைக் கொளுத்திச் சொட்டுச் சொட்டா முடிச்சு மேல விட்டான். துரை பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதோட முன்னங்காலுல ஊசி போட்ட எடத்துல முடியைச் சிரைச்சிருந்தாங்க.

கிழிச்ச காலண்டர் தாள்ல தேதி போட்டு, துரைக்கு வந்த தீனின்னு எழுதி பாட்டில்ல ஒட்டினான். கீழ கொஞ்சம் எடம் விட்டிருந்தான்.

"குடுத்தவர் கையெழுத்து"ன்னு பேனாவை நீட்டினான். "அன்னைக்கு என்கிட்ட வாங்கினீருல்லா?"

வாங்கினேன். கடை முழுக்க ஆள் நிக்கும்போது, எல்லாரும் பாக்க வாங்கினேன். பேனாவை வாங்கி, சங்கரநயினார்னு முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் படிச்சுட்டு, பாட்டிலை உள்ள கொண்டு போனான். துரைக்கு அந்தத் தீனியை இன்னும் போடல. ரிசல்ட்டு வரட்டும்னு சொல்லிட்டான்.